பன்னிரண்டாவது கத்தரிக்கோல்

சாவிக்கொத்தில் முப்பத்தொரு சாவிகள்.
எது எந்தப் பூட்டுக்கென்று ஜாகாவுக்கே தெரியவில்லை.
தையல் அறைச் சாவி மட்டும்
தேடாமலே என் விரலுக்கு வந்தது.

கதவில் புதுப் பெயர்ப்பலகை:
புவான் அமிர்தவல்லி ஏ/பி முனியப்பன், பெங்கெதுவா.
அந்த ஏ/பி-க்குப் பின்னால் இருப்பவர்
இந்த அறைக்கு ஒரே ஒரு முறை வந்தார்,
பால் வாடை போக இரண்டு தரம் குளித்துவிட்டு.
நான்கு மாதக் கட்டணம் பாக்கி.
உட்காரச் சொன்னார்கள்.
உட்காரவில்லை.

பீடோங்கில் காலை ஏழு இருபத்தெட்டு.
ஜெராய் மலையில் பாதியைக் காணோம், மழை.
தோட்டத்துப் பேருந்து இன்னும் வரவில்லை.
என் காலத்திலும் வராது,
அப்போது அது லாரி.
வாசலில் மாணவத் தலைவி நோட்டும் கையுமாக.
இன்னும் பத்து நிமிடம் கேட்டைத் திறந்து வை என்றேன்.
விதி உங்களுக்குத் தெரியாதா என்று
கேட்காமல் கேட்டது அவள் முகம்.
தெரியும். அந்த நோட்டில்
ஒரே ஆண்டில் நாற்பது தடவை இருந்தவள் நான்.

இது கணக்கெடுப்பு வாரம்.
புவான் ரொஹாயா பழைய பேரேட்டை
மேசையில் வைத்து, தூசியை ஊதினார்.
தையல் மெஷின், ஆறு.
இஸ்திரிப் பெட்டி, நான்கு.
பெரிய கத்தரிக்கோல், பன்னிரண்டு.
பன்னிரண்டை அடித்துப் பதினொன்று.
ஓரத்தில் சிவப்பு மை:
ஒன்று காணவில்லை, ஜூலை 1984.
படிவம் இரண்டு, சியூ மூய்,
அபராதம் மூன்று வெள்ளி. கட்டிவிட்டாள்.

"இந்த ஒன்றை வருஷா வருஷம் சுமக்கிறோம், புவான்.
நீங்கள் கையெழுத்துப் போட்டால்
கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம்."
பேனாவின் மூடியையும் அவரே கழற்றித் தந்தார்.

அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
என் வீட்டு அலமாரியில், மைலோ டின்னில்,
பித்தான்களுக்கு அடியில்.
புல்வெட்டு முடிந்து வந்த கையோடு
அம்மா அதை வைத்துத்தான்
தீபாவளிப் பாவாடைகளை வெட்டினார்,
ஒன்றுக்கு ஒரு வெள்ளி,
லயத்துப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும்.
என் கட்டணப் பாக்கி அப்படித்தான் அடைந்தது.
எங்கே கிடைத்தது என்று அம்மா கேட்கவே இல்லை.
பிடியில் பொறித்திருந்த ஏழாம் எண்ணின் மேல்
நகப்பூச்சு தடவி வைத்தார்.
நகப்பூச்சு போடாத அம்மாவுக்கு
அதை யார் கொடுத்தார்கள்,
இன்றுவரை நானும் கேட்கவில்லை.

சியூ மூய் இப்போது பெற்றோர் சங்கப் பொருளாளர்.
பெரிய ரோட்டில் ஹார்ட்வேர் கடை.
போன வாரம் மண்டபத்து மின்விசிறிகளுக்குக்
காசோலை கொண்டுவந்தாள்.
"அமீ, நீயா இந்த நாற்காலியில்!"
ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.
ரசீதில் என் கையெழுத்து கோணிக்கொண்டது.

அன்று சபையில் அவளை நிற்க வைத்தபோது
தவுக்கே மகள்தானே,
மூன்று வெள்ளி அவளுக்குத் தூசு என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அவள் அப்பா அன்றிரவு
பிரம்பை உப்புத் தண்ணீரில் ஊறவைத்ததை
இருபது வருடம் கழித்து ஒரு கல்யாண விருந்தில்,
மீனில் முள் எடுத்தபடி
அவளேதான் சொன்னாள். அப்போதும் சிரித்தாள்.

கையெழுத்துப் போடவில்லை.
மறுநாள் கைப்பையில் கொண்டுபோனேன்.
ரொஹாயா எண்ணினார்.
"அல்லா, பன்னிரண்டு! எங்கே இருந்தது?"
"ஒரு மூலையில்."
எந்த மூலை என்று அவர் கேட்கவில்லை.
சாணை பிடித்துப் பிடித்து இளைத்த அலகைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சிவப்பு மையை அடித்தாயிற்று.
மூன்று வெள்ளிக்கு மட்டும்
எந்தப் பத்தியிலும் இடம் இல்லை.

சாயந்தரம் சியூ மூய் போன் செய்தாள்.
விசிறி மாட்ட ஆள் வருகிறான், ஏணி இருக்கிறதா?
இருக்கிறது என்றேன்.
நீயும் வா, ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.
கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்றாள்.

இதோ, அவள் வேன்.
ஜாகா கேட்டைத் தள்ளும் சத்தம்.
நான் மேசையைச் சுற்றி
இந்தப் பக்கம் வந்திருக்கிறேன்.
நாற்காலி இருக்கிறது.
உட்காரவில்லை.